பள்ளி என்ற தலைப்பின் கீழே

முதல் ஆள் கைலாசம் வாத்தியார். மற்றவர்களெல்லாம் அவருக்குப் பின்னால்தான். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் ஒரே குண்டாவில் சோறு தின்று பழகிவிட்டு, கால் முறிந்து ஆசுபத்திரியில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காத டிரில்லர் பெரியண்ணன் அடுத்தவர். பெண் பார்க்கப் போன இடத்தில் ‘மாப்பிள்ளை வாயைத் தொறப்பாருங்களா?’ என்று நாலு பேர் முன்னால் கேட்டுச் சிரித்த, மனைவி பாவாயியின் சித்தப்பன் அதற்கடுத்தவர். இன்னும் பலர் அர்த்தனாரியின் மனதுக்குள் ரேசன் கடையில் நிற்பதுபோல வரிசையாக நிற்கிறார்கள். யாரும் யாரையும் முந்த முடியாது. செத்துப் போனவர்களுக்கும் அவரவர் இடம் அப்படியே இருக்கிறது. எல்லாருக்கும் முன்னால் நிற்கிற கைலாசம் வாத்தியாருக்கு மட்டும் வயதாகவே இல்லை. அதே வெளுத்த வேட்டி, முழங்கைக்கு மேலே மடித்துவிட்ட அதே சட்டை, பேசும்போது ஆளைப் பார்க்காமல் ஆளுக்குப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்க்கிற அதே பார்வை. இத்தனை வருசமாக அந்த ஆளோடு சண்டை போட்டுப் போட்டு, எங்கே தொடங்கினாலும் தான் ஜெயிக்கிற மாதிரி அந்தச் சண்டையை அர்த்தனாரி முடித்து வைத்திருந்தார். இன்றைக்கு அது தொடங்கக்கூட மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கம்பக்கத்துத் தறிகள் ஓய்ந்து கிடந்தன. இல்லாவிட்டால் இந்தத் தெருவில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. பாவாயி காதுகுத்து ஒன்றுக்குப் போயிருந்தாள். மகன் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ பாறையைக் குடைந்துகொண்டிருந்தான். அர்த்தனாரி முன்னறைக் கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக் கண்ணை மூடிக் கிடந்தார், தூக்கம் வரவில்லை. உள்ளறையில் மருமகள் வினோதினி, போனில் பிடித்து வைத்த பேச்சைக் கொஞ்சம் ஓடவிடுவதும் நிறுத்துவதும் கம்ப்யூட்டரில் தட்டுவதுமாக இருந்தாள். காதில் மாட்டிக் கேட்கிற ஒயர் நேற்று அறுந்துபோய்விட்டது. மாமா தூங்குகிறார் என்ற நினைப்பில் சத்தத்தைத் திறந்தே விட்டிருந்தாள். போனுக்குள்ளிருந்து வந்தது அவருடைய குரல்தான். ‘அப்ப கை… கை… கை…’ என்றது குரல். அவள் நிறுத்தினாள், தட்டினாள், மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். ‘அப்ப கை… கை…’ சே, எத்தனை தடவைதான் இந்தப் பிள்ளை கேட்கும். திக்கினதையும் திக்கினபடியே எழுத வேண்டுமாம், அவளுக்கு வழிகாட்டுகிற மேடம் சொல்லியிருக்கிறார்களாம். வாயில் அகப்பட்டுக்கொண்ட சொல்லை வெளியே தள்ளுவதற்குள் ஒரு ஆளுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. அதை மூன்று புள்ளி வைத்து எழுதினால் ஆயிற்றா? படிக்கிறவனுக்கு அது என்னவென்று தெரியுமா? முதுகுப்பக்கம் பாய் வேர்வையில் ஒட்டியது. திரும்பிப் படுத்தால் கட்டில் கிறீச்சிடும், அவள் போனை நிறுத்திவிடுவாள். அப்படியே கிடந்தார்.

கல்யாணமாகி வந்தபோது வினோதினி பி.எட். முடித்திருந்தாள். இப்போது எம்.எட். இரண்டாம் வருசம். போன வருசம் முழுக்க இந்த வீட்டில் தோசைக்கல்லின் சத்தத்தோடு சேர்ந்து கேட்டது கல்வி ஆராய்ச்சியின் அடிப்படைகள்தான். மாவை ஊற்றிக்கொண்டே, ‘கருதுகோள் என்பது சோதித்துப் பார்ப்பதற்காக முன்வைக்கப்படும் தற்காலிக விடை’ என்பாள். திருப்பிப் போட்டுக்கொண்டே, ‘ஆராய்ச்சியாளர் விருப்பு வெறுப்பற்று இருத்தல் வேண்டும்’ என்பாள். ‘விருப்பும் இல்லாம வெறுப்பும் இல்லாம எவன் எதைத் தேடிட்டுப் போவான்?’ என்று ஒருநாள் அர்த்தனாரி கேட்டதற்கு, ‘நல்லா கேட்டீங்க மாமா, மேடம்கிட்டயே கேக்கறேன்’ என்று சிரித்தாள். கேட்டாளோ என்னவோ. ‘இவரு அஞ்சாவதே தாண்டல, எம்மெட்டுக்குப் பாடம் நடத்தறாரு’ என்று அடுப்படியிலிருந்து பாவாயி குத்தினாள். ‘நான் தாண்டாமப் போனதுக்குக் காரணம் ஆரு?’ என்று இவர் எகிறினார். ‘ஐயோ சாமி, ஆரம்பிச்சுட்டாரு கைலாசத்தை’ என்று அவள் காதைப் பொத்தினாள். அன்றைக்குத்தான் வினோதினி தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்யப்போகிறாளாம். அறுபது வயது தாண்டினவர்களாகத் தேடிப்பிடித்து ஏன் விட்டீர்கள் என்று கேட்கப்போகிறாளாம். ‘உங்களையே கேட்டா என்னங்க மாமா?’ கேட்டா என்ன! எத்தனை வருசமாக எவனாவது கேட்பானா என்று தொண்டை வரைக்கும் வைத்துக்கொண்டு திரிந்தவரிடம் போய் இப்படி ஒரு கேள்வி.

பேச்சைப் போனில் பிடித்த அன்று சவரம் செய்துகொண்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். முழுக்கச் சொன்னார். திக்கித் திக்கி, வேர்த்து, சில இடத்தில் எழுந்து நின்றுகூடச் சொன்னார். முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது அவள் மெதுவாகச் சொன்னாள், ‘பேரு மட்டும் வராதுங்க மாமா.’ ‘ஆரு பேரு?’ ‘ஆரு பேருமே. உங்களைக்கூட ஏழாவது ஆளுன்னுதான் போடுவேன்.’ ‘என்ற பேரு கெடக்குது அம்மிணி. அந்தாளு பேரு?’ ‘ஓர் ஆசிரியர்னு வரும்.’ ‘கோழி திருடினவனுக்கே பேப்பர்ல பேரு போடறாங்க. நீ என்ன, மூடிப் பொத்தி வெக்கறே?’ ‘இது ஆராய்ச்சிங்க மாமா. பிராது இல்லீங்க.’ மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் அவளாகவே வந்து விளக்கினாள். காரணங்களை நாலு தலைப்பாகப் பிரிப்பாளாம். வறுமை, பெற்றோர், பள்ளி, விருப்பமின்மை. ஒவ்வொருத்தர் சொன்னதையும் அதில் ஒரு தலைப்புக்குக் கீழே வைப்பாளாம். ‘நீங்க பள்ளிங்கற தலைப்புக்குக் கீழ வர்றீங்க மாமா. அதுல சந்தேகமே இல்லீங்க.’ அது போதும் என்று அவருக்குப் பட்டது. பேர் இல்லாவிட்டால் போகிறது. தடித்த அட்டை போட்ட ஒரு புத்தகம் காலேஜ் லைப்ரரியில் இருக்கும். அதில் பள்ளி என்று எழுதி அதற்குக் கீழே அவர் இருப்பார். அப்பன் ஏழையாக இருந்ததால் இல்லை. அப்பன் அனுப்பாததால் இல்லை. மண்டையில் ஏறாததால் இல்லை. பள்ளி. பள்ளி என்றால் கைலாசம், கைலாசம் என்றால் பள்ளி. தெரிகிறவனுக்குத் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் காலத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்துக்கே காய்ச்சல் வந்துவிடும். சாணி போட்டு மெழுகி, மாவிலை கட்டி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய தேசப்படத்தை மாட்டி வைப்பார்கள். மக்குப் பிள்ளைகளை மட்டும் அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். எழுப்பிக் கேள்வி கேட்டு, பதில் வராவிட்டால் வாத்தியாருக்குத்தானே கெட்ட பேர்! அர்த்தனாரி மக்கு இல்லை. காவிரி எங்கே பிறக்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியும். கு என்று தொடங்கும், அங்கேயே நிற்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கண் பிதுங்கும், பின் வரிசையில் எவனாவது கோழி மாதிரி கொக்கரிப்பான். அதற்காகவே ஒரு வாரம் ஆடுகளிடம் சொல்லிப் பழகியிருந்தார். ஆடுகளிடம் சொன்னபோது குடகு என்று வழுக்கிக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் சாயந்திரம் மணி அடித்த பிறகு வாத்தியார் மூன்று பேரை நிறுத்திக்கொண்டார். மற்ற இரண்டு பேரிடம், ‘நாளைக்கு வர வேண்டாம்டா’ என்றார். அவர்கள் குதித்துக்கொண்டு ஓடினார்கள். இவரிடம் மட்டும் ஒரு சொல் அதிகமாகச் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு, ‘நீ வர வேண்டாம். நான் சொல்லியனுப்பறேன், அப்ப வந்தாப் போதும்’ என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு பேரும் மறுநாளுக்கு மறுநாள் தாங்களாகவே போய் உட்கார்ந்துகொண்டார்கள். அர்த்தனாரி போகவில்லை. குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, மாட்டுத் தண்ணித் தொட்டி மேல் உட்கார்ந்து, வண்டித் தடத்தில் வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியனுப்புகிறேன் என்றால் சொல்லியனுப்ப வேண்டாமா? ‘நீயே போயிருக்கலாமே’ என்று பாவாயி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். போயிருக்கலாம். போனால், யாரடா உன்னைக் கூப்பிட்டது என்று கேட்டிருந்தால்? அந்தக் கேள்விக்குத் திக்கிக்கொண்டு என்ன பதில் சொல்வது? ஒருவன் கொடுத்த சொல்லை நம்பிக் காத்துக்கொண்டிருந்தது ஒரு குற்றமா? பிறகு சந்தை நாள் வந்தது. அதற்கு மறுநாள் அப்பன் ஆட்டை அவிழ்த்துவிட்டுக் கோலைக் கையில் கொடுத்தார். பிறகு ஆடு, பிறகு செங்கல் சூளை, பிறகு ரிக் வண்டி. ரிக் வண்டி பரவாயில்லை. கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் எவன் பேச்சும் எவனுக்கும் கேட்காது. குழாயைத் தூக்கு, இறக்கு, நிறுத்து, எல்லாம் கைஜாடைதான். ஆந்திராவிலும் ராஜஸ்தானிலும் பாறைத் தூள் புகையாய்க் கிளம்ப அர்த்தனாரி கையாலேயே பேசிக்கொண்டிருந்தார். கையில் திக்கல் இல்லை. ஒரு காது போயிற்று, இந்தக் காது மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கிறது, இந்த மாதிரி மத்தியானங்களில் கேட்கக் கூடாததைக் கேட்பதற்கு.

உள்ளறையில் அவருடைய குரல் முடிந்துவிட்டது. நாற்காலி நகர்ந்தது, வினோதினி சோம்பல் முறித்தாள் போல, வளையல் சத்தம். பிறகு போனில் வேறு ஒன்று ஓடியது. முதலில் ஒரு டிவி சத்தம், தட்டில் டம்ளர் வைக்கிற சத்தம், பிறகு கிழட்டுக் குரல் ஒன்று. தேய்ந்த குரல், ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாக உச்சரிக்கிற குரல். ‘ஆமாம்மா. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அது வழக்கம்தான். நானும் சொல்லியிருக்கேன். அப்ப எனக்கு வேலை நிரந்தரம் ஆகலை, பயம்.’ அர்த்தனாரிக்கு முதலில் யாரென்று பிடிபடவில்லை. உடம்புக்குத்தான் முதலில் தெரிந்தது. கால் பெருவிரல் மடங்கியது, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. வினோதினியின் குரல் கேட்டது, ‘அப்படிச் சொன்ன பிள்ளைங்க திரும்ப வந்துட்டாங்களாங்க ஐயா?’ ‘வந்துருவாங்க. விளையாட்டுப் பசங்களுக்கு என்ன மானம், ரோசம்? ஒருத்தன் மட்டும் வரலை. திக்குவாய்ப் பையன், பேர் ஞாபகத்துல இல்லை. நல்லா படிக்கிற பையன்தான். அவங்கப்பனைச் சந்தையில பார்த்து நேராவே சொன்னேன், பையனை அனுப்பி வைங்கன்னு. சரிங்க வாத்தியாரேன்னாரு. அனுப்பலை. ரெண்டு நாள் பார்த்தேன், அப்புறம் விட்டுட்டேன்.’ டம்ளரை எடுக்கிற சத்தம். ‘டீ ஆறிப்போச்சும்மா, நீ குடி.’

பேர் ஞாபகத்தில் இல்லை. எத்தனை வருசமாக இந்த ஆளின் பேரைக் காலையில் பல் விளக்கும்போதும் ராத்திரி வெற்றிலை துப்பும்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்த ஆளுக்கு என் பேர் ஞாபகத்தில் இல்லை. திக்குவாய் மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது. பொய். கிழவன் பொய் சொல்கிறான். கண்டதையும் கலந்து சொல்கிற வயசு. யாரிடம் சொன்னானோ, எந்தச் சந்தையோ. ஆனால் சந்தை என்று எப்படிச் சொன்னான்? சந்தைக்கு மறுநாள்தானே அப்பன் கோலைக் கொடுத்தார்? அந்தச் சாயந்திரம் எப்படி இருந்தது? அப்பன் தோளிலிருந்து மூட்டையை இறக்கினார். கால் கழுவினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைத்த பிறகும் துண்டை எடுக்காமல், அதற்குள்ளிருந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துண்டை எடுத்து இவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் ஏதோ சொல்ல வந்ததுபோல் அசைந்தது. ‘பொரி தின்னு’ என்றார். பொரியில் கடலை அதிகமாக இருந்தது. எப்போதும் இல்லாத அளவுக்குக் கடலை. மறுநாள் கோலைக் கொடுக்கும்போது, ‘ஆடு ஒண்ணும் கேள்வி கேக்காதுடா சாமி’ என்று சிரித்தார். அது வேடிக்கை என்றுதான் இதுநாள் வரை நினைத்திருந்தார். பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளையைத் தேற்றுகிற வேடிக்கை. அந்தப் பார்வையும் பாவம் பார்த்த பார்வை என்றுதான் நினைத்திருந்தார். அப்படித்தான் இருக்கும். கோழி மாதிரி கொக்கரித்தவன் வீட்டுக்குப் போய் அவன் அப்பனோடு மல்லுக்கு நின்ற மனுசன் அவர். தேர்த் திருவிழாவில், இவரைத் தோளில் வைத்துக்கொண்டு, யாராவது பேர் கேட்டால் இவர் வாயைத் திறக்கும் முன்பே ‘அர்த்தனாரிங்க, அர்த்தனாரி’ என்று தானே சொல்லிவிடுவார். பிள்ளை நாலு பேர் முன்னால் திக்கி நிற்கக் கூடாது. அதற்காகத் தானே முந்திக்கொள்வார். முந்திக்கொள்கிற மனுசன். சந்தையில் வாத்தியார் எதிரே வந்து… இல்லை. அந்த யோசனையை அப்படியே விட்டுவிட வேண்டும். அதற்குள் போனால் வெளியே வர முடியாது. கைலாசம்தான். வரிசையில் முதல் ஆள் அவன்தான். அந்த இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது, அதுவும் செத்து எரித்து, எலும்பைப் பொறுக்கி இந்தக் கையாலேயே காவிரியில் கரைத்தவரை. கடலை ஏன் அவ்வளவு அதிகமாக இருந்தது?

உள்ளே வினோதினி யாருடனோ போனில் பேசினாள். கூடப் படிக்கிற சிநேகிதியாக இருக்கும். ‘எங்க மாமனாரை எங்க வெக்கறதுன்னே தெரியலடி. பள்ளின்னு வெச்சிருந்தேன். இப்ப பார்த்தா பெற்றோர்ல வருவாரு போலிருக்குது… ஆமா, அவர்கிட்ட எப்படிச் சொல்றது? மனுசன் அதைப் புடிச்சுட்டுத்தான் உசுரோடவே இருக்கறாரு.’ அர்த்தனாரி எழுந்து உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சிட்டது. உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. வினோதினி வாசற்காலில் வந்து நின்றாள், கையில் போன், முகத்தில் பிடிபட்ட களை.

‘தூங்கலீங்களா மாமா?’

‘அந்தாளைப் போய்ப் பார்த்தியா?’

அவள் தரையில் உட்கார்ந்தாள். ‘சொல்லோணும்னுதான் இருந்தேனுங்க. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதக்கூடாதுன்னு மேடம் சொன்னாங்க. அதுதான் முறையும்.’

‘என்ற பேரைச் சொன்னியா?’

‘சத்தியமா இல்லீங்க. பொதுவாத்தான் கேட்டேன். அவராத்தான் அந்தப் பையனைப் பத்திச் சொன்னாரு.’

‘அ… அ… அந்தப் பையன்,’ என்றார் அர்த்தனாரி. அதற்கு மேல் வரவில்லை. அவள் காத்திருந்தாள். அவள் எப்போதும் காத்திருப்பாள், மற்றவர்கள் மாதிரி சொல்லை எடுத்துக் கொடுக்க மாட்டாள். அதனாலேயே அவளை அவருக்குப் பிடிக்கும், இன்றைக்கு அதனாலேயே அவள் மேல் ஆத்திரம் வந்தது.

‘உங்கப்பா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா மாமா? சந்தைக்குப் போய்ட்டு வந்து?’

சொன்னார் என்றால் தான் பொய்யன். சொல்லவில்லை என்றால் அப்பன் மறைத்தார். இரண்டுக்கும் நடுவில் வாத்தியார் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

‘எங்கப்பன் அப்படிப்பட்ட ஆளில்ல.’

‘அதை நான் கேக்கலீங்க மாமா.’

‘வாத்தியார் சொல்லியனுப்பல. எழுதிக்க.’

‘சரிங்க. நீங்க அப்படிச் சொன்னீங்கன்னு எழுதிக்கறேன்.’

‘நான் சொன்னேன்னு எழுத வேண்டாம். நடந்துச்சுன்னு எழுது.’

அவள் தலையைக் குனிந்துகொண்டு போனைத் துணியில் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. ‘அது என்னால முடியாதுங்க மாமா. நீங்க சொன்னது ஒண்ணு, அவர் சொன்னது ஒண்ணு. ரெண்டையும்தான் வெக்க முடியும். எது நிசம்னு சொல்றதுக்கு நான் அங்க இல்லீங்களே.’

‘நான் இருந்தேன்.’

‘சந்தையில இல்லீங்களே மாமா.’

மெதுவாகத்தான் சொன்னாள், மரியாதையாகத்தான் சொன்னாள். அர்த்தனாரி அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார். எந்தத் தலைப்புக்குக் கீழே என்று கேட்க நினைத்தார். கேட்டால், இன்னும் முடிவு பண்ணவில்லை என்பாள். அல்லது முடிவு பண்ணிவிட்டேன் என்பாள். இரண்டையும் இன்றைக்குக் கேட்க முடியாது.

‘ரொம்ப வயசாயிருச்சுங்க அவருக்கு,’ என்றாள் வினோதினி. ‘மக வீட்டுல ஒரு மூலையில கட்டில் போட்டுக் குடுத்திருக்கறாங்க. ஆரு போனாலும் சந்தோசமாப் பேசறாரு. பஸ் ஏறினா அரை மணி நேரம்தாங்க மாமா. நாளைக்குக்கூட நான் கூட்டிட்டுப் போறேன். நீங்களே நேருக்கு நேர் கேட்டுருங்க. என்னைய விடுங்க, உங்களுக்காகக் கேளுங்க.’

அர்த்தனாரி காலை மேலே இழுத்துக்கொண்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

‘நான் எதுக்குப் போகோணும்?’ என்றார். ‘கூ… கூ… கூப்பிட வேண்டியது அந்தாளு.’